சுருதி சேர்ந்தது, தாளம் தப்பியது



போன ஞாயிறு இரவு நம் பழைய மாணவர் ஒருவர் நடுக்கடலில் இருந்து வீடியோவில் அழைத்தார். சரக்குக் கப்பலில் மின் அதிகாரியாக இருக்கிறார். பேசிக்கொண்டே இருந்தவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது, குரல் நின்றது, அப்புறம் ஆளே இல்லை. அரைமணி நேரம் கழித்து வாட்ஸாப்பில் செய்தி வந்தது: "சார், மோடம் லாக் போயிடுச்சு. கப்பல் திரும்பும்போது கொடிமரம் டிஷ்ஷை மறைச்சிருச்சு. இப்ப சரியாயிடுச்சு."

அதை நம் குழுவில் போட்டேன். உடனே என் அத்தை பேத்தி கேட்டாள்: "மாமா, லாக் போச்சுன்னா என்ன அர்த்தம்? பூட்டு உடைஞ்சதா?" நல்ல கேள்வி. முப்பத்து நான்கு வருஷம் இயற்பியல் நடத்தியவன் ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்கலாமா? அதனால்தான் இந்த நீண்ட பதிவு. கடைசியில் என்னைப் பற்றிய ஒரு விஷயமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் மோடம் என்றால் என்ன என்று பார்ப்போம். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டே எண்கள். ஆகாயத்தில் எண்களை அப்படியே வீசி எறிய முடியாது. ஒரு ரேடியோ அலையை ஓடவிட்டு, அதன் மேல் இந்த எண்களை ஏற்றி அனுப்ப வேண்டும். ஏற்றுவதற்கு மாடுலேஷன் என்று பெயர், இறக்குவதற்கு டிமாடுலேஷன். இரண்டின் தலைப்பகுதியையும் சேர்த்து வைத்த பெயர்தான் மோடம். மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அலை, மூட்டை எண்.

நிலையான செயற்கைக்கோள் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கப்பலில் இருந்து மேலே போய்க் கீழே வரவே கால் வினாடி ஆகிறது. அத்தனை தூரம் போய் வரும் அலை இறங்கும்போது மிக மெலிந்திருக்கும். கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே மூலையில் இருக்கும் பாட்டி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது போன்ற வேலை அது.

அப்படிக் கேட்க மோடத்துக்கு இரண்டு பிடிமானம் வேண்டும். கச்சேரி கேட்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒன்று சுருதி, மற்றது தாளம்.

வருகிற அலை என்ன அதிர்வெண்ணில் இருக்கிறதோ அதே அதிர்வெண்ணில் மோடம் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். இது சுருதி சேர்ப்பது. பிறகு ஒவ்வொரு பிட்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். வினாடிக்குப் பத்தாயிரம் பிட் வந்தால் மோடத்துக்குள் இருக்கும் கடிகாரமும் வினாடிக்குப் பத்தாயிரம் தட்டு தட்ட வேண்டும், அதுவும் சரியான இடத்தில். இது தாளம். மிருதங்கக்காரர் பாடகரின் வேகத்தைக் கேட்டுக் கேட்டு ஒரு மயிரிழை கூட்டியும் குறைத்தும் போவார் அல்லவா, மோடத்துக்குள்ளும் அப்படி ஒரு சுற்று இருக்கிறது. இந்த இரண்டும் கூடி வந்த நிலைக்குத்தான் 'லாக்' என்று பெயர். கொடிமரம் மறைத்தால் பிடி நழுவும். மறைப்பு விலகியதும் மோடம் மறுபடியும் சுருதியைத் தேடி, தாளத்தைத் தேடி, பிடித்துக்கொள்ளும். அரைமணியில் நம் தம்பி திரும்பி வந்தது அப்படித்தான்.

பிடி இருந்தாலும் இரைச்சலால் அங்கொன்றும் இங்கொன்றுமாக 0 என்பது 1 ஆகிவிடும். அதைத் திருத்தும் வித்தை பிறந்த கதை சுவையானது. 1947 வாக்கில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஹேமிங் என்ற கணித அறிஞர் இருந்தார். ரிலேக்களால் ஆன பழைய கணிப்பொறியில் சனி, ஞாயிறுகளில் அவருடைய கணக்குகள் ஓடும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நேரம். ஏதாவது பிழை வந்தால் இயந்திரம் அதைக் கண்டுபிடித்து, அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிழை இருப்பது இயந்திரத்துக்குத் தெரிகிறதே, எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்தால் தானே திருத்திக்கொள்ளுமே என்று அவருக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் பிறந்த முறையை 1950-ல் வெளியிட்டார்.

இதை நாங்கள் ஆசிரியர்கள் எங்களை அறியாமலே செய்து வந்தோம். மார்க் ரிஜிஸ்டரில் குறுக்கே ஒவ்வொரு மாணவனுக்கும் கூட்டல் போடுவோம், நெடுக்கே ஒவ்வொரு பாடத்துக்கும் கூட்டல் போடுவோம். ஏழாவது வரிசையில் கூட்டல் இடிக்கிறது, மூன்றாவது பத்தியிலும் இடிக்கிறது என்றால் தப்பு எங்கே? ஏழாவது மாணவனின் மூன்றாவது பாடத்தில். எண்ணையே திருத்திவிடலாம். மதிப்பெண்களோடு சேர்த்து எழுதிய அந்தக் கூட்டல்தான் காவல். மோடமும் அனுப்ப வேண்டிய பிட்டுகளோடு காவல் பிட்டுகளைச் சேர்த்தே அனுப்புகிறது. இரைச்சல் எவ்வளவு இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு உள்ளே அனுப்பினால் பிழையை வேண்டிய அளவு குறைத்துவிடலாம் என்று 1948-லேயே கிளாட் ஷானன் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். 1960-ல் ரீட், சாலமன் இருவரும், 1967-ல் ஆண்ட்ரூ விட்டர்பியும் அந்த வழியில் பெரிய அடிகள் வைத்தார்கள். 1986-ல் யுரேனஸ், 1989-ல் நெப்டியூன் படங்களை வாயேஜர் 2 அனுப்பியது ரீட்–சாலமன் காவலோடுதான். நம் வீட்டு சி.டி.யில் கீறல் விழுந்தும் பாட்டு ஓடியதற்கும் அதே குடும்பத்து முறைதான் காரணம்.

இவ்வளவு காவல் இருந்தும் ஒரு பெரிய வேலை கெட்டுப்போக இருந்த கதையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

சனிக்கோளின் மிகப்பெரிய துணைக்கோள் டைட்டன். 1655-ல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் கண்டுபிடித்தது. அடர்ந்த மஞ்சள் மூட்டம் போர்த்தியிருப்பதால் தரை தெரியாது. அதில் இறங்கிப் பார்க்க ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஒரு கலம் செய்து, அவர் பெயரையே வைத்தது. அதை நாசாவின் கசீனி என்ற தாய்க்கலம் சுமந்துகொண்டு 1997 அக்டோபர் 15 அன்று புறப்பட்டது. போய்ச் சேர ஏழு வருஷம்.

திட்டம் இதுதான். ஹைகன்ஸ் பாராசூட்டில் இறங்கிக்கொண்டே பார்த்ததை எல்லாம் ரேடியோவில் சொல்லும். மேலே பறந்து போகும் கசீனி அதைக் கேட்டுப் பதிந்து, பிறகு பூமிக்கு அனுப்பும். சொல்ல ஒரு முறைதான் வாய்ப்பு. பேட்டரி தீர்ந்தால் முடிந்தது. அந்தப் பேச்சைக் கேட்க கசீனியில் ஒரு ரேடியோ வாங்கி இருந்தது. மோடத்தின் இறக்கும் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலம் பாதி வழியில் போய்க்கொண்டிருந்தபோது, ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் உள்ள ஐரோப்பிய இயக்க மையத்தில் போரிஸ் ஸ்மெட்ஸ் என்ற பொறியாளருக்கு ஒரு நிரடல். இந்த வாங்கியை உண்மையான நிலைமையில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. புறப்படும் முன்பு முழுச் சோதனை செய்வதென்றால் சில பாகங்களைப் பிரித்து மறுபடி பூட்டி மறுபடி சான்று வாங்க வேண்டும் என்பதால் அது விடப்பட்டிருந்தது. பூமியில் இருந்தே ஹைகன்ஸ் குரலில் பேசி, கசீனி அதைச் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கலாம் என்றார் ஸ்மெட்ஸ். வெறும் அலையை மட்டும் அனுப்பிப் பார்ப்பது எளிது. அவர் கேட்டது அதற்கு மேல்: கலம் ஓடும் வேகத்தால் வரும் மாற்றங்களையும் சேர்த்து, எண்களோடு அனுப்ப வேண்டும். இவ்வளவு சிக்கல் எதற்கு என்று முதலில் தயங்கினார்கள். அவர் விடவில்லை. கூட இருந்தவர்களும் துணை நின்றார்கள்.

2000 பிப்ரவரியில் கலிபோர்னியா பாலைவனத்தில் உள்ள கோல்ட்ஸ்டோன் பெரிய டிஷ்ஷில் இருந்து அந்தச் சோதனை நடந்தது. பல கோடி கிலோமீட்டர் தாண்டி இருந்த கசீனிக்கு ஹைகன்ஸ் பேசுவது போலப் பேசினார்கள். திரும்பி வந்ததைப் பார்த்தால் எண்கள் சிதைந்து கிடந்தன.

ஏன்? பத்தாம் வகுப்பில் நான் நடத்திய ரயில் விசிலை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் நம்மை நோக்கி வரும்போது விசில் கூர்மையாகக் கேட்கும், போகும்போது தணிந்து கேட்கும். டாப்ளர் விளைவு. கசீனி வினாடிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் டைட்டனை நோக்கி வரும்போது, ஹைகன்ஸ் குரலின் சுருதி கூடும். அதை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்து, சுருதியை விரட்டிப் பிடிக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

ஆனால் ரயிலில் ஒருவன் தவில் வாசித்துக்கொண்டு வந்தால்? விசில் மட்டும் மாறாது, அடியின் வேகமும் மாறும். ஹைகன்ஸ் அனுப்புவது வினாடிக்கு 8192 பிட். ஒளியின் வேகம் வினாடிக்கு 3,00,000 கிலோமீட்டர். ஐந்தரையை அதால் வகுத்து 8192-ஆல் பெருக்குங்கள். சுமார் 0.15 வரும். அதாவது ஏறத்தாழ ஏழு வினாடிக்கு ஒரு பிட் முந்தும். அவ்வளவுதான். ஆனால் தாளம் பிடிக்கும் சுற்றுக்கு அந்த அளவு கூட வளைந்துகொடுக்கும் இடம் விடப்படவில்லை. சுருதி சேர்ந்தது, தாளம் தப்பியது. தாளம் தப்பினால் மார்க் ரிஜிஸ்டர் கூட்டல் எதற்கு உதவும்? ஒரு மதிப்பெண் தப்பாக இருந்தால் திருத்தலாம். ஒரு கட்டம் தள்ளி மொத்த வரிசையையும் எழுதிவிட்டால் எந்தக் கூட்டலும் ஒத்துவராது.

மென்பொருளில் ஓரிரு எண்ணை மாற்றினால் சரியாகிவிடும் பிழை. ஆனால் அந்த எண்கள் பறக்கும்போது மாற்ற முடியாத வகையில் பதிக்கப்பட்டிருந்தன. பழுது பார்க்க அங்கே யார் போவது?

இங்கேதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி வருகிறது. கருவியை மாற்ற முடியாது என்றால் வழியை மாற்றுவோம் என்றார்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் 2001-ல் கூட்டுக்குழு போட்டு உட்கார்ந்தன. தண்டவாளத்தை ஒட்டி நின்றால் விசில் சட்டென்று மாறும். வயல் நடுவில் தள்ளி நின்று, ரயில் நமக்குக் குறுக்கே போகும்போது கேட்டால் மாற்றம் மிகக் குறைவு. அதேபோல டைட்டனுக்கு 1,200 கிலோமீட்டர் உயரத்தில் நேராகப் பாய்வதற்குப் பதிலாக, சுமார் 60,000 கிலோமீட்டர் தள்ளிக் குறுக்காகப் போவது என்று கசீனியின் பாதையையே திருத்தினார்கள். அதற்காகக் கையிருப்பு எரிபொருளில் ஒரு பங்கைச் செலவு செய்தார்கள். 2004 நவம்பரில் இறங்க வேண்டியது 2005 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. ஹைகன்ஸைச் சில மணி நேரம் முன்னதாகவே விழிக்க வைத்து, அதன் கடிகாரத்தைச் சூடாக்கி, தாளத்தை இன்னும் கொஞ்சம் ஒத்துவரச் செய்தார்கள்.

2004 டிசம்பர் 25 அன்று ஹைகன்ஸ் தாயைப் பிரிந்தது. 2005 ஜனவரி 14 அன்று இரண்டரை மணி நேரம் பாராசூட்டில் இறங்கித் தரை தொட்டது. தொட்ட பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அது பேசியதைக் கசீனி கேட்டது. தாளம் தப்பவில்லை. ஆறு ஓடிய தடம் போன்ற கால்வாய்களும், நீரில் உருண்ட கூழாங்கல் போன்ற பனிக்கட்டி உருண்டைகளும் படத்தில் வந்தன.

ஆனால் அன்றைக்கும் ஒரு பிழை நடந்தது. ஹைகன்ஸ் இரண்டு தடத்தில் பேசியது, ஒன்று கெட்டால் மற்றது இருக்கட்டும் என்று. முதல் தடத்தின் வாங்கியை ஆன் செய்யும் கட்டளை, கசீனிக்கு அனுப்பிய பட்டியலில் விட்டுப்போயிருந்தது. முக்கியத் தகவல்கள் இரண்டு தடத்திலும் வந்ததால் தப்பின. படங்களை மட்டும் இரட்டிப்பாக எடுக்கலாமே என்று இரண்டு தடத்துக்கும் பங்கு பிரித்திருந்தார்கள். அதனால் 350 படம் வந்தது, இன்னொரு 350 போனது. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனை முழுக்க முதல் தடத்தை நம்பி இருந்தது. அதுவும் போயிருக்கும். ஆனால் பூமியில் கிரீன் பேங்க், பார்க்ஸ் போன்ற ரேடியோ தொலைநோக்கிகள் 120 கோடி கிலோமீட்டர் தாண்டி வந்த அந்த மெல்லிய அலையை நேராகக் கேட்டு வைத்திருந்தன. எண்கள் கிடைக்கவில்லை, சுருதி மட்டும் கிடைத்தது. சுருதியின் ஏற்ற இறக்கத்தை வைத்தே காற்றின் வேகத்தைக் கணக்கிட்டுவிட்டார்கள். முதலில் வில்லனாக வந்த அதே டாப்ளர் இங்கே கை கொடுத்தது.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும் கருவி ஒன்றை நம் மாணவன் ஒருவன் செய்தான். மிதவை மேலே வந்தால் சுவிட்ச் ஒட்டிக்கொள்ளும், மின்மணி அடிக்கும். லேபில் ஒரு வாளித் தண்ணீரில் வைத்துப் பார்த்தோம். கணீரென்று அடித்தது. அவன் மட்டும் விடவில்லை. "சார், மாடித் தொட்டியில வச்சு, ஒயர் இழுத்து, கீழே மணி வச்சு ஒரு தடவை பாத்துடலாமா?" என்று இரண்டு முறை கேட்டான். நேரமில்லை, இங்கே அடிக்கிறதே போதும் போ என்று விரட்டிவிட்டேன்.

மறுநாள் விருந்தினர்கள் சுற்றி நிற்க, தொட்டி நிரம்பி வழிந்தது. மணி அடிக்கவில்லை. எல்லார் முன்னாலும் அவனைத்தான் திட்டினேன், "ஒழுங்கா ஒயர் கூட முறுக்கத் தெரியலையா?" என்று. அவன் ஒன்றும் சொல்லவில்லை. மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு லேபில் அவன் கேள்வி கேட்டு நான் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நானே தனியாகச் சோதித்தேன். முறுக்கல் எல்லாம் சரி. லேபில் ஒயர் இரண்டு அடி. மாடியில் இருந்து கீழே வந்து திரும்பிப் போக நூறு அடிக்கு மேல், அதுவும் மெல்லிய ஒயர். அதன் மின்தடையிலேயே பேட்டரியின் வேகம் பாதி போய்விட்டது. மணிக்கு வேண்டிய மின்னோட்டம் வந்து சேரவில்லை. ஓம் விதியை வருஷா வருஷம் நடத்துகிறவன் நான். அவனிடம் போய்ச் சொன்னேனா? சொல்லவில்லை. வாத்தியார் தப்பு என்று ஒத்துக்கொள்ளும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஸ்மெட்ஸ் கதையைப் படித்தேன். படித்த இரவு தூக்கம் வரவில்லை. உண்மையான தூரத்தில், உண்மையான வேகத்தில் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று அவர் கேட்டது, அந்தப் பையன் கேட்டதேதான். அங்கே கடைசியில் காது கொடுத்தார்கள், பிழை நாலு வருஷம் முன்னாலேயே தெரிந்தது, வழி மாற்ற நேரம் கிடைத்தது. இங்கே காது கொடுக்க வேண்டியவன் நான்.

நம் கப்பல் தம்பி மறுநாள் இன்னொன்றும் சொன்னார். மோடத்தில் பழுதா என்று பார்க்க முதலில் அது அனுப்புவதை அதற்கே திருப்பிக் கொடுத்துப் பார்ப்பார்களாம். தானே பேசித் தானே கேட்பது. அதில் தேறிவிட்டால் பெட்டி சரி, தப்பு வெளியே, கேபிளையும் டிஷ்ஷையும் மறைப்பையும் பார் என்று அர்த்தம். "ஆனா சார், அந்த டெஸ்ட்ல பாஸ் ஆனா லிங்க் வேலை செய்யும்னு அர்த்தம் இல்ல" என்றார். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்திருக்கிறேன். நானே பேசி, நானே கேட்டு, எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு.

தம்பி, நீ இந்தக் குழுவில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை. நீ செய்த மணி சரியாகத்தான் இருந்தது. ஒயர் நீளம் நான் யோசிக்காதது. நீ கேட்டது சரியான கேள்வி, அதைத் தடுத்தது என் தப்பு, எல்லார் முன்னாலும் திட்டியது அதைவிடப் பெரிய தப்பு. அன்றைக்கு எல்லார் முன்னாலும் திட்டினேன் என்பதால் இன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்கிறேன். மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கு: உங்களில் பலர் இப்போது அதிகாரிகள், ஆசிரியர்கள், அப்பா அம்மாக்கள். உங்களிடமும் ஒரு பிள்ளை வந்து "ஒரு தடவை நிஜமாவே வச்சுப் பாத்துடலாமா?" என்று கேட்கும். அநேகமாக நேரமில்லாத நாளில்தான் கேட்கும். அன்றைக்கு மாடிக்கு ஏறிவிடுங்கள்.

கணக்கில் எங்காவது தப்பு இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். இந்த முறை நிஜமாகவே.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்